பந்து மாஸ்டர் கரைக்காவலுக்குப் போன வருஷங்கள்

அட்டன் கடைத்தெருவில் என் கணவரைப் ‘பந்து மாஸ்டர்’ என்றால்தான் தெரியும். பிறகு அவர் படையில் சேர்ந்து, தோளில் நட்சத்திரங்கள் ஏறி, கப்டன் ஆன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. எங்கள் அப்பாவின் துணிக்கடைக்கு வரும் தோட்டத்து ஆட்கள், “பந்து மாஸ்டர் லீவுல வந்திருக்காருங்களா?” என்றுதான் கேட்பார்கள். முதலில் அது அவருக்குப் பிடிக்காமல் இருந்தது. கடைசியில் அந்தப் பெயரைக் கேட்க அவர் ஏங்கியதும் எனக்குத் தெரியும்.

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது, இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம். நான் பெண்கள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்புகிற பாதை கல்லூரி மைதானத்தின் ஓரமாகப் போகும். பின்னேரம் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும் மைதானம் அது. பந்து எங்கே போகிறது என்று பார்க்கிறவர்களுக்கும் தெரியாது, விளையாடுகிறவர்களுக்கும் தெரியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் கேட்கும்: “கூப்புடுங்கடா! ஒருத்தனுக்கொருத்தன் கூப்புடுங்கடா!” பிறகு காற்சட்டையெல்லாம் சேறாக, மெலிந்து உயர்ந்த ஒருவர் வெளியே வருவார். கல்லூரியில் பூமிசாஸ்திரம் படிப்பித்தார். உதைபந்தாட்டம் பழக்கியது அவராகவே ஏற்றுக்கொண்ட வேலை.

பெண் கேட்டு வந்தபோது அப்பா, “பந்து ஒதைக்கிறவருக்கா என் பொண்ணு?” என்று இரண்டு மாதம் முகம் கொடுக்கவில்லை. அவருடைய தகப்பனார் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர் என்று தெரிந்ததும் இறங்கி வந்தார். கல்யாணமாகி கல்லூரிக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் குடியேறினோம். வீட்டுக்குள் எப்போதும் ஈரத் தோல் வாசம். மழையில் ஊறிய பந்துகளை அடுப்படியில் வைத்து உலர்த்தி, கொழுப்புப் பூசித் தேய்ப்பார். கறி கொதிக்கிற இடத்தில் பந்து இருக்கக் கூடாது என்று நான் சண்டை போடுவேன். “அதுக்கும் குளிரும்ல?” என்பார்.

அந்த அணியில் கோல் காக்க ஒரு கோலி இருந்தான். அட்டனிலிருந்து நடை தூரத்தில் உள்ள தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து வந்த பையன். அப்பா இல்லை. அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். அந்தக் காலத்தில் லயத்திலிருந்து கல்லூரி வரைக்கும் வந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். தோட்டத்துப் பள்ளியோடு அவன் நின்றிருப்பான். என் கணவர்தான் தோட்டத்துத் துரையிடமும் கல்லூரி அதிபரிடமும் நடையாய் நடந்து சேர்த்துவிட்டார். சப்பாத்து போட்டால் கால் தரையில் நிற்பது தெரியவில்லை என்று வெறுங்காலோடு விளையாடுவான். ஆட்டம் முடியும் வரைக்கும் கோலுக்குள் நின்று கத்திக்கொண்டே இருப்பான். ஆட்ட நாட்களில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் வைத்த சாம்பாரை, “டீச்சர், எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க, இதுதான் நல்லாருக்கு” என்று சொல்லி இரண்டாம் தரமும் வாங்கிக்கொள்வான்.

கண்டிக் கல்லூரி ஒன்றை அவர்கள் தோற்கடித்த நாள் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கடைசி நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி. இவன் இடது பக்கம் பாய்ந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் கிடந்தான். கடைத்தெரு முழுக்க அன்று மைதானத்தில் நின்றது. எங்கள் கடைக்குப் பக்கத்தில் இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், தொப்பி கீழே விழுந்ததும் தெரியாமல் ஓடிப்போய் அவனைத் தூக்கினார். என் கணவர் மட்டும் ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அழுறீங்களா?” என்று கேட்டேன். “பனி” என்றார்.

பிறகு பிரஜாவுரிமைச் சட்டங்கள் வந்தன. தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். என் மாமனார் தேயிலைக் கணக்கு எழுதிப் பழகியவர் என்பதால் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழே கையில் இருந்தது. அதனால் என் கணவர் இந்த நாட்டுக் குடிமகன். லயத்தில் பிறக்கிற பிள்ளையைப் பற்றி யார் எங்கே போய்ப் பதிந்தார்கள்? கோலியும் அவன் அம்மாவும் போட்ட விண்ணப்பம் தள்ளுபடியாகி வந்தது. என் அப்பா இந்தியாவில் பிறந்தவர், இந்தியப் பாஸ்போர்ட்டில் வியாபாரம் செய்தவர். ஒரே கடைத்தெருவில், ஒரே கோயிலுக்குப் போகிற நாங்கள் திடீரென்று மூன்று சாதி ஆனோம்: உரிமை உள்ளவர்கள், இல்லாதவர்கள், எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லப்படக்கூடியவர்கள்.

கல்லூரியில் மாணவர் படைக்கும் இவர்தான் பொறுப்பாக இருந்தார். வருஷா வருஷம் பையன்களைத் தியத்தலாவை முகாமுக்குக் கூட்டிப் போவார். அங்கிருந்த பெரிய அதிகாரி ஒருவர் இவர் பையன்களை நடத்துகிற விதத்தைப் பார்த்துவிட்டு, புதிதாக உண்டாகியிருக்கிற படைக்கு இப்படிப்பட்டவர்கள் வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவர் ஏற்கனவே முடிவெடுத்திருந்தார்.

“படிப்பிக்கிறதுல என்னங்க குறை?” என்று கேட்டேன்.

“குறை ஒண்ணுமில்ல. ஆனா கவர்மெண்டு கச்சேரிக்குப் போனாலும் கோச்சில போனாலும் என்னைப் பாத்து ‘நீ எந்த ஊரு’ன்னு கேக்குறானுங்க. ‘பூண்டுலோயா’ன்னா, ‘அது இல்ல, சொந்த ஊரு’ங்கிறான். ஆமி உடுப்பைப் போட்டுட்டா அப்பிடி ஒருத்தன் கேப்பானா?”

அவருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. அவர் ஏமாளி என்று நான் சொல்லவில்லை. அப்போது எங்களைப் போன்றவர்கள் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அவர் உடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கிளம்பிய அன்று அணி முழுவதும் அட்டன் ரயில் நிலையத்துக்கு வந்தது. கோலி அவருடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். “சேர், ஆமில பந்து இருக்கா?” என்று கேட்டான். “இருக்குடா. ஆனா ஒன்ன மாதிரி கோலி இருக்க மாட்டான்” என்றார்.

சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின. தியத்தலாவையில் பயிற்சி, பிறகு கொழும்பு. நானும் அதற்குள் பிறந்திருந்த மகளும் அட்டனில் கடைத்தெருவுக்கு மேலே வாடகை வீட்டில் இருந்தோம். அவர் படை அணிக்கும் உதைபந்தாட்டம் பழக்கினார். லீவில் வரும்போது நிமிர்ந்து நடப்பார். கோலியும் படிப்பை முடித்து, தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் ஒரு வேலை பிடித்து, கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகியிருந்தான். தீபாவளிக்குப் பிள்ளைகளோடு வந்து இவர் காலில் விழுவான். இவருக்கு அது பிடிக்காது. “எந்திரிடா, மண்ணு ஒட்டப்போகுது” என்பார்.

பிறகு இவரை மன்னார்ப் பக்கத்துக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். இந்தியாவிலிருந்து தோணியில் களவாக வந்து இறங்குகிறவர்களைப் பிடிப்பது வேலை. கள்ளத்தோணி என்ற சொல் அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. பிடிபடுகிறவர்கள் யார் என்று அவர் முதல் லீவில் வந்தபோதே சொன்னார். “பாதிப் பேரு நம்ம தோட்டத்து ஆளுங்க. இங்க பொறந்து வளந்தவங்க. ஊர்ல ஒரு சாவு, ஒரு கல்யாணம்னு போயிருப்பாங்க. திரும்பி வரக் கடுதாசி இல்ல. தோணில வாராங்க.”

“நீங்க என்ன செய்வீங்க?”

“பிடிச்சு ஒப்படைப்பேன். வேற என்ன செய்றது?”



கோலியின் அம்மாவுக்கு வயதானதும் கடைசி ஆசை ஒன்று வந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்த தன் அண்ணன் வீட்டில் போய்க் கண்ணை மூட வேண்டும் என்று பிடிவாதமாகப் போய்விட்டார். அடுத்த வருஷமே அவர் படுத்த படுக்கை என்று தகவல் வந்தது. கோலி என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். வாசலிலேயே நின்றான்.

“போறது சரி, எப்பிடித் திரும்பி வருவ?” என்று கேட்டேன்.

“எப்பிடியாச்சும் வந்துருவேன் டீச்சர். ஒத்தப் புள்ள நான். கொள்ளி வைக்கணும்ல.”

“சேருக்கு எழுதிக் கேளு. ஏதாவது வழி சொல்வாரு.”

“வேணாம் டீச்சர். அவருக்கு எதுக்குச் சங்கடம்? அவரு உத்தியோகத்துல இருக்கிறவரு.”

அவன் போய்விட்டான். தோட்டத்தில் அவன் மனைவி கொழுந்தெடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். நான் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருவேன். அம்மா இறந்துபோன செய்தி மட்டும் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் மத்தியானக் கோச்சியில் என் கணவர் வந்து இறங்கினார். லீவென்று முன்கூட்டிச் சொல்லவில்லை. உடுப்பைக் கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து, நான் அரிசி களைந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார். எதற்கும் குனியாத மனிதர் முழங்கால் இரண்டுக்கும் நடுவில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

சில வாரங்களுக்கு முன் ஒருநாள் விடிந்து சற்று நேரத்தில், பனைமரங்களுக்குக் கீழே ஒரு கூட்டத்தைப் பிடித்து உட்கார வைத்திருப்பதாகக் கோப்ரல் வந்து சொல்லியிருக்கிறார். இவர் போயிருக்கிறார். எல்லாரும் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. இவர் கிட்டப் போனதும் அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன் சட்டென்று எழுந்து, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நேராக நின்று, “குட் மோர்னிங், சேர்” என்றான்.

“வகுப்புக்குள்ள நான் போனா எப்பிடி எந்திரிப்பானோ, அதே மாதிரி எந்திரிச்சான்” என்றார் இவர்.

கோலிக்கு முகத்தில் பயமே இல்லையாம். சிரித்தானாம். “சேரு இங்கதான் எங்கயோ இருக்காருன்னு தெரியும். ஒங்க கண்ணுலயே பட்டது நல்லதாப் போச்சு சேர். ராத்திரி முழுக்கப் பயந்துகிட்டே கெடந்தோம். இனிப் பயமில்ல” என்றானாம். இடுப்பில் ஒரு துணி மூட்டை. பிள்ளைகளுக்கு வாங்கிய சட்டைகள் நனைந்துவிடக் கூடாது என்று தோணியில் தலையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

கோப்ரல் கினிகத்தேனைக்காரர், சிங்களவர். உதைபந்தாட்டப் பைத்தியம். சின்ன வயதில் அட்டனுக்கு வந்து இவர்களுடைய ஆட்டங்களைப் பார்த்தவர். அவரும் அவனை அடையாளம் கண்டுகொண்டார். இவரைச் சற்று ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், “மம தெக்கே நே, சேர்” என்றாராம். நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கம் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. பஸ் போகிற வீதிக்கு அதில் போய்விடலாம். கோப்ரல் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

“நீங்க என்ன செஞ்சீங்க?” என்று நான் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“எழுதுனேன். மத்தவங்க பேரோட சேத்து அவன் பேரையும் எழுதுனேன்.”

நான் பானையைக் கீழே வைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

“அந்தக் கோப்ரல் விட்டா எரக்கம்பாங்க. நான் விட்டா என்னம்பாங்க? ‘தமிழன், தன் ஆளை விட்டுட்டான்’பாங்க. இந்தப் பத்து வருஷமா நான் ஒரு தடவ கூட அப்பிடிச் சொல்ல வச்சுக்கல. அந்த ஒரு நிமிசத்துல எனக்கு அதுதான் வந்துச்சு. அவன் புள்ளைங்க வரல, அவன் பொண்டாட்டி வரல. அதுதான் வந்துச்சு.”

அவனை முகாமில் வைத்திருந்து, பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். இவர் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அவன், கல்லூரியில் இப்போது யார் கோல் காக்கிறார்கள் என்று கேட்டானாம். தெரியவில்லை என்றாராம் இவர். “ஒயரமான பயலாப் போடச் சொல்லுங்க சேர். குட்டையானவன்னா மேல போற பந்த விட்டுருவான்” என்றானாம். மூட்டையை இவரிடம் கொடுத்திருக்கிறான். அதைத்தான் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனோம். உடுப்பு வேண்டாம் என்று நான் சொன்னேன். வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டார். லயத்து வாசலில் கோலியின் மனைவியைக் கூப்பிட்டபோது, மலைக்குப் போவதற்குக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டாள்.

“வாங்க சேர், வாங்க டீச்சர். அவரு வந்துட்டாருங்களா? தகவல் எதுவும் வந்துச்சுங்களா?”

நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தானே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கோப்ரல் சொன்னதைக் கூட மறைக்கவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவரால் அப்படித்தான் இருக்க முடிந்தது.

அவள் கத்தவில்லை. கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கினாள். மூத்தவள் ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு கோலியின் மனைவி கேட்டாள்:

“அந்தச் சிங்கள ஆளு பாக்கலன்னு சொன்னாருல்ல. நீங்களும் பாக்கலன்னு இருந்திருக்கக் கூடாதுங்களா சேர்?”

இவர் மூட்டையை வாசற்படியில் வைத்தார். அவள் அதை எடுக்கவில்லை. “பெரட்டுல பேர் கூப்புடுற நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு, கூடையை மறுபடி மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிப்போனாள். நாங்கள் இருவரும் பக்கத்து லயக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வாசலில் நின்றோம். சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியது மூத்த பிள்ளைதான்.

அதற்குப் பிறகு கடற்கரையிலிருந்து மாற்றம் கேட்டார். கிடைக்கவில்லை. கோலியைத் திருப்பிக் கூப்பிட மனுவுக்கு மேல் மனு எழுதினார். தெரிந்த அதிகாரிகள் வீட்டுக்கெல்லாம் போய் நின்றார். ஒருவர் சிரித்துக்கொண்டே, “நீங்களே பிடித்துக் கொடுத்துவிட்டு நீங்களே கேட்கிறீர்களே, கப்டன்” என்றாராம். ஒரு வருஷம் தாக்குப் பிடித்தார். பிறகு விலகிவிட்டு வந்தார். நல்ல பெயரோடுதான் விலகினார். அவரைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

கல்லூரி அதிபர் வீட்டுக்கே வந்து, மறுபடியும் பையன்களுக்குப் பழக்கச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மைதானத்துக்குப் போனால் சரியாகிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு பின்னேரம் கிளம்பிப் போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிட்டார். பையன்கள் எல்லாரும் வரிசையாக நின்று அவருக்கு சலூட் அடித்தார்களாம். “‘கப்டன் சேர், கப்டன் சேர்’ங்கிறானுங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை. தனியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பின்னேரத்தில் நானாவின் இரும்புக் கடையில் போய் உட்கார்ந்திருப்பார். நானா பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசுவார். இவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, கோலியின் மனைவி இனிக் காத்திருந்து பயனில்லை என்று இந்தியாவுக்கே போவதாக எழுதிக்கொடுத்தாள். அவள் போகிற அன்று நாங்கள் ரயில் நிலையத்துக்குப் போனோம். மேடை முழுக்க டிரங்குப் பெட்டிகளும் பாய்ச் சுருட்டுகளும் அழுகையும். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். இவர் பக்கம் திரும்பவில்லை. அந்த நாலைந்து வருஷத்திலும் இவரோடு அவள் பேசியதில்லை. கோச்சி வந்து நின்றபோது பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பெட்டியைக் காலால் இவர் பக்கம் நகர்த்தினாள். இவர் குனிந்து தூக்கி உள்ளே வைத்தார். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினார். சின்னவன் இவர் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டான், உயரமான ஆள் என்பதால் விழுந்துவிடுவோம் என்று பயந்திருப்பான். வண்டி நகர்ந்தபோது அவள் ஜன்னல் வழியாக, “அவரைப் பாத்தா ஏதும் சொல்லணுங்களா?” என்று கேட்டாள். இவர் ஜன்னலோடு சேர்ந்து மேடை முடியும் வரைக்கும் நடந்தார். வண்டி போய்விட்டது.

அடுத்த வருஷம் அப்பா சரக்கு எடுக்க இந்தியாவுக்குப் போனார். இவர் கேட்டுக்கொண்டதால் திருச்சிப் பக்கம் அந்த ஊருக்கும் போய்ப் பார்த்தார். அப்பா திரும்பி வந்த அன்று இவர் காலையிலேயே சவரம் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு கடையில் போய்க் காத்திருந்தார்.

“அந்த ஊர்ல அவங்க இல்ல மாப்பிள்ளை” என்றார் அப்பா. “‘சிலோன்காரன் வீடா?’ன்னு கேட்டு ஒரு குடிசையைக் காட்டுனாங்க. பூட்டிக் கெடக்கு. அங்க வேல ஒண்ணும் கெடைக்கலயாம். நீலகிரிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்டம்மா சொல்லுச்சு. எந்தத் தோட்டம்னு தெரியல.”

“யாரு யாரு போனாங்க?”

“எல்லாருந்தான். புருசன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க.”

“சேந்து போனாங்களா?”

“ஆமா மாப்பிள்ளை. சேந்துதான் போனாங்களாம்.”

இவர் தலையை ஆட்டினார். கடையில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அப்பா துணிக் கட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார். சற்று நேரம் கழித்து இவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். அப்பா கோபிக்கவில்லை. அதே பதிலை மறுபடியும் சொன்னார்.